சுவரில் துணி மடித்தவள்

சலவைக்கூடத்தில் அவளுக்குக் கஞ்சியக்கா என்று பெயர். துணிக்குக் கஞ்சி போட்டதால் வந்த பெயர் இல்லை. ஆஸ்பத்திரித் துணிக்கு யார் கஞ்சி போடுகிறார்கள்? விறைத்த முதுகையும், வளையாத கழுத்தையும், யார் எதைச் சொன்னாலும் ஒரு பக்கமாக இழுபடும் உதட்டையும் பார்த்து யாரோ வைத்தது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரே கூப்பிட்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "கஞ்சி போட்டாத்தான் துணி நிமிர்ந்து நிக்கும். நீங்கல்லாம் பிழிஞ்சு போட்ட கந்தல்" என்று சொல்லி முடித்துவிட்டாள்.

மூன்று ஆஸ்பத்திரிகளின் துணி அந்தக் கூடத்துக்கு வந்தது. ஒரு கோடியில் அழுக்கு மூட்டையைக் கொட்டிப் பிரிப்பார்கள். அடுத்து ஆளுயர மெஷின்கள், உலர்த்தும் டிரம்கள், சுடச்சுட உருளும் இஸ்திரி ரோலர், மறுகோடியில் மடிப்பு மேசை. பதினேழு வருஷமாகக் கஞ்சியக்கா அந்த மேசையில் நின்றாள். அங்கே நிற்பவளுக்கு அழுக்கைத் தொட வேண்டிய அவசியமில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே மற்றக் கோடியில் நிற்பவர்களை அவள் மனிதர்களாகவே எண்ணியதில்லை.

வெளியிலும் அப்படித்தான். யார் வீட்டுக்குப் போனாலும் அவள் கண் முதலில் அலமாரியைத் தேடும். அடுக்கிய துணியின் பிரிந்த விளிம்பு முன்பக்கம் தெரிந்தால், அந்த வீட்டுக்காரி என்ன விருந்து வைத்தாலும் பூஜ்யம்தான். டயர் கடையில் வேலை பார்க்கும் அவள் கணவர் தன் கைக்குட்டையைச் சுருட்டித்தான் பைக்குள் திணிப்பார். இருபத்து நான்கு வருஷமாக அதற்குத் திட்டு வாங்குகிறார். "மூக்கு சிந்துறதுக்கு எதுக்குடி மடிப்பு?" என்பார். அவருக்கு அதற்கு மேல் தைரியம் கிடையாது.

உலகத்தில் அவள் மதித்த ஒரே ஆள் குருவி. மடிப்பு மேசையில் அவளுக்கு எதிர்முனை பிடிப்பவள், பன்னிரண்டு வயது இளையவள், குட்டையாக, துறுதுறுவென்று இருப்பாள். பெரிய விரிப்பை ஒருத்தி மடிக்க முடியாது. இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி. ஒரு உதறல், பாதியாக ஒரு மடிப்பு, மறுபடி பாதி, பிறகு இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து முனையை முனையோடு சேர்க்க வேண்டும். ஒருத்தி மூச்சிழுத்தால் மற்றவள் உதறுவாள். இப்படி ஒரு நாளைக்கு அறுநூறு தடவை அவர்கள் எதிரும் புதிருமாக நடந்து சந்தித்துக்கொண்டார்கள். "என் வீட்டுக்காரரக்கூட இத்தனை தடவை நேருக்கு நேர் பாத்ததில்லடி" என்பாள் கஞ்சியக்கா.

அந்தக் கம்பெனிக்கு ஏழு ஊர்களில் கிளை உண்டு. தலைமை அலுவலகத்தில் யாருக்கோ ஒரு நாள் ஞானம் பிறந்து, துணி மடிப்பதில் எல்லாக் கிளைக்கும் பயிற்சி கொடுக்க ஆள் அனுப்பினார்கள்.

முப்பது வயதுப் பயிற்சியாளர் ஒருவர், ஈரத் தரைக்குக் கொஞ்சமும் ஒவ்வாத வழவழப்பான பூட்ஸுடன் வந்தார். வணக்கம் சொல்லவில்லை, பெயர் சொல்லவில்லை. உள்ளே நுழைந்ததும் நான்கு சுவரையும் பார்த்துவிட்டு, "பிளக் பாயிண்ட் எங்க இருக்கு?" என்றார். அந்த நொடியிலேயே அவருக்குப் பிளக் சார் என்று பெயர் விழுந்துவிட்டது. வைத்தவள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

தோள்பையிலிருந்து அவர் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தார். ஒரு சொம்பு அளவுதான் இருக்கும். வெட்டுக்கிளிக் கால் போல மூன்று கால்களை விரித்து அதை ஸ்டூல்மேல் நிறுத்தினார்.

"மினி புரொஜெக்டர். நான் எந்த ஊருக்குப் போனாலும் இது என்கூட வரும். ரயில்ல, லாட்ஜ்ல, எங்க வேணாலும் படம் போடலாம். ஒரு சுவர் இருந்தாப் போதும்."

இருந்த சுவரில் ஒன்றில் நீராவிக் குழாய் ஓடியது, ஒன்றில் ஈரம் பாசியாகப் படர்ந்திருந்தது, மற்ற இரண்டிலும் மெஷின்கள். அதனால் திரைக்கு ஒரு வெள்ளை விரிப்பு வேண்டும் என்றார். பிறகு மேலே இருந்த ஜன்னல்களை மூட வேண்டும் என்றார். வெளிச்சத்தில் படம் தெரியாதாம். ஆறு ஜன்னலிலும் கம்பளி கட்டினார்கள். பிறகு மெஷின் இரைச்சலில் பெட்டியின் குரல் கேட்கவில்லை என்று எல்லா மெஷினையும் நிறுத்தச் சொன்னார்.

"ஒரு சுவர் இருந்தாப் போதும்னாரு" என்றாள் கஞ்சியக்கா, குருவியின் காதில். "இருட்டு வேணும், விரிப்பு வேணும், கரண்ட் வேணும், ஊரே வாய மூடணும். மகாராஜா பல்லக்குல போறதுக்கே இவ்வளவு வேணாம்டி."

படம் விழுந்தது. மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும், கவிழ்த்து வைத்த வாளி போல விழுந்தது. பிளக் சார் பெட்டிக்கு அடியில் ஒரு சோப்புக் கட்டியை வைத்தார். வாளி நிமிர்ந்தது. உடனே நீராவி வந்து கண்ணாடியில் படிந்து, படம் பாலில் போட்ட ரொட்டி போலக் கலங்கியது. அவர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். அது சுருட்டி வைத்த கைக்குட்டை. கஞ்சியக்கா அதைப் பார்த்தாள். அவர் கதை அவளைப் பொறுத்தவரை அங்கேயே முடிந்தது.

"இந்த பெட்ஷீட்ல மடிப்புத் தடம் தெரியுதே. வேற கிடைக்குமா?" என்றார் அவர்.

"மடிக்கச் சொல்லிக்கொடுக்க வந்துட்டு மடிப்பு தெரியுதுங்கறீங்களே சார்!"

கூடமே சிரித்தது. மேலாளர்கூடத் தன் பங்குக்கு இருமினார்.

ஒருவழியாகப் படம் ஓடியது. யாரோ ஒருவருடைய வெள்ளைக் கைகள் ஒரு துண்டைச் சுருட்டி, வளைத்து, கழுத்து நீண்ட அன்னப்பறவையாகச் செய்தன. ஏதோ ஓட்டலுக்கு எடுத்த படம். அதையே இவர்களுக்கும் கொண்டுவந்திருந்தார். பறவை முடியும் நேரத்தில் மேலாளரின் மேசையில் போன் அடித்தது. பிரசவ வார்டில் விரிப்பு தீர்ந்துவிட்டது, வண்டி ஏன் வரவில்லை என்று கேட்டார்கள்.

கஞ்சியக்கா எழுந்து நேராகத் திரைக்குப் போனாள்.

"பிள்ளை பெத்துப் படுத்திருக்கிறவளுக்கு அடியில அன்னப்பறவையையா விரிப்பாங்க? குருவி, வா."

இருவரும் சுவரிலிருந்த விரிப்பின் முனைகளை அவிழ்த்தார்கள். படம் நிற்கவில்லை. அன்னம் இவள் முதுகின்மேல் விழுந்து கழுத்தை நீட்டியது, குருவியின் நெற்றியில் அதன் அலகு ஆடியது. ஒரு உதறல், ஒரு பாதி, இன்னொரு பாதி, எதிரெதிரே நான்கு எட்டு. பத்து எண்ணுவதற்குள் விரிப்பு செங்கல் மாதிரி மேசைமேல் உட்கார்ந்தது. அன்னம் நீராவிக் குழாய்மேல் போய் நெளிந்துகொண்டிருந்தது.

பிளக் சாரிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. அவமானம் அவர் தோலைத் தாண்டி உள்ளே போகாது. "மேடம், சூப்பர்! இதைத்தான் நான் தேடிட்டிருந்தேன். உங்க கைய வீடியோ எடுக்கலாமா?" என்றார்.

ஊரில் யார் கேட்டாலும் உதட்டை இழுப்பவள், இதற்கு மட்டும் இழுக்கவில்லை. "எடுத்துக்கங்க" என்றாள். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டு வந்து நின்றாள்.

மறுநாள் மேலாளர் அறையில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். சுவர் முழுக்க அவள் கைகள். ஒவ்வொரு விரலும் ஒரு முழ நீளம். விரிப்பு அலை போல எழுந்து, தானாக மனம் வந்து மடிவது போல மடிந்தது. அவள் தன் கையை அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. யார் பார்த்திருக்கிறார்கள்? எதிர்முனை பிடித்த குருவியின் விரல்நுனி நான்கு மட்டும் படத்தின் ஓரத்தில் அவ்வப்போது எட்டிப் பார்த்தது.

"நான் எங்க?" என்றாள் குருவி.

"ஃபிரேம் அவ்வளவுதான் மேடம்" என்றார் பிளக் சார்.

கஞ்சியக்கா அப்போது ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்ற ஆறு கிளைக்கும் அவளையும் கூட்டிக்கொண்டு போவதாக முடிவாயிற்று. ஆறு ஊர், பன்னிரண்டு நாள். "எனக்கெதுக்கு இந்த ஊர் சுத்துற வேலையெல்லாம்" என்று மூன்று பேரிடம் சலித்துக்கொண்டாள். அன்று மாலையே புதுப் பெட்டி வாங்கிவிட்டாள். கணவர் அதைப் பரண்மேலிருந்து விழுந்த பூனையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"உன் வாயைக் கேக்கறதுக்கு ஆறு ஊரு என்ன பாவம் பண்ணுச்சோ" என்றார்.

முதல் ஊரில் பிளக் சார் படம் போட்டார், அவள் பக்கத்தில் நின்று கையால் மடித்துக் காட்டினாள். எதிர்முனைக்கு அந்த ஊர்ப் பெண் ஒருத்தியைப் பிடித்து நிறுத்தினாள். அந்தப் பெண் உதறத் தெரியாமல் உதற, "துணியைக் கொல்லாதம்மா, அது ஏற்கெனவே ஆஸ்பத்திரியில இருந்துதான் வருது" என்றாள். சிரிப்பு எழுந்தது. படத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. லாட்ஜுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பெட்டியை அவள் வறுத்தெடுத்தாள். "கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு சார்? நான்தான் முழுசா நிக்கிறேன்ல?"

இரண்டாவது ஊரில் ரயிலிலிருந்து தன் மூட்டைகளை இறக்கும்போது பிளக் சாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த மூட்டையில் துணி குறைவு, ஒயர் அதிகம். பிளாட்பாரப் பெஞ்சில் நெளிந்தபடி படுத்துக்கொண்டு தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார். நீங்கள் வீட்டுக்குத் திரும்புங்கள், பயிற்சி நிற்கக் கூடாது, பெட்டியை அந்த அம்மாவிடம் கொடுத்தனுப்புங்கள் என்று பதில் வந்தது.

"இந்த பட்டன அழுத்தினா ஆன். இந்தச் சக்கரத்தைத் திருப்பினா தெளிவாகும். சார்ஜ் ரெண்டு மணி நேரம்தான் நிக்கும், எங்க போனாலும் முதல்ல பிளக்…"

"தெரியும் சார்" என்றாள் அவள். "அதான் உங்க பேரே."

அவருக்கு அது புரியவில்லை. நல்லதாகப் போயிற்று.

பெட்டி தன் கைக்கு வந்த அன்று மத்தியானம் கஞ்சியக்கா லாட்ஜ் அறையில் தனியாக இருந்தாள். பயிற்சி மறுநாள்தான். பட்டன் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் முதலில் போட்டாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பெட்டியை மல்லாக்கக் கட்டில்மேல் வைத்தாள். படம் கூரையில் விழுந்தது. அண்ணாந்து பார்க்கக் கழுத்து வலித்தது. படுத்தாள்.

பகல் இரண்டு மணிக்கு ஒரு கட்டிலில் படுத்து அவளுக்கு எத்தனை வருஷமாயிற்று என்று அவளுக்கே தெரியாது. காய்ச்சல் வந்தபோதுகூட உட்கார்ந்துதான் இருந்தாள். கூரை முழுக்க அவள் கைகள் வேலை செய்தன. அவள் கீழே சும்மா கிடந்தாள். விரிப்பு மடிந்தது, மடிந்தது, மடிந்துகொண்டே இருந்தது. கை வலிக்கவில்லை, முதுகு வலிக்கவில்லை. பெட்டியின் சின்ன விசிறி தலையணைக்குப் பக்கத்தில் பூனை போல உறுமியது. கைபேசியை அதோடு எப்படி இணைப்பது என்பதையும் கண்டுபிடித்து, மூன்று மாதமாக விட்டுப்போன தொடர்நாடகத்தைக் கூரையிலேயே பார்த்துத் தீர்த்தாள்.

அதற்குப் பிறகு அவளும் பெட்டியும் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். அடுத்த ரயிலில் கீழ்ப் படுக்கை கிடைத்தது. மேல் படுக்கையின் அடிப்பக்கம் ஒரு முழ உயரத்தில் இருந்தது. அதில் படம் போட்டாள். எதிரே இருந்த பெரியவர், "ஏம்மா, வெளிய மலை போகுது, ஆறு போகுது. நீ பலகைய பாத்துட்டு வரியே?" என்றார்.

"மலை எங்க போயிடும்? அங்கதான் நிக்கும்" என்றாள். பிளக் சாரிடம் இதே பதிலைக் கேட்டிருந்தால் ஒரு வாரத்துக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள்.

மூன்றாவது ஊரில் படத்தைப் போட்டுவிட்டுப் பாதி நேரம்தான் கையால் காட்டினாள். நான்காவது ஊரில் நாற்காலி கேட்டாள். படம் ஓடும்போது ஓரமாக உட்கார்ந்து டீ குடித்தாள். யாராவது சந்தேகம் கேட்டால், "படத்திலேயே இருக்கு பாருங்க, நல்லா கவனிக்கணும்" என்றாள். அந்த ஊர்ச் சுவர் மஞ்சளாக இருந்ததற்கு அங்கிருந்த மேலாளரைக் கடிந்துகொண்டாள். அவர் மன்னிப்புக் கேட்டார். மேலாளர் ஒருவர் தன்னிடம் மன்னிப்புக் கேட்டது அவளுக்கு அடுத்த ஊர் வரை இனித்தது.

இதற்கிடையில் குருவி இரண்டு தடவை போன் செய்தாள். முதல் தடவை, "எப்பக்கா வருவ? இங்க என்கூட ரோலர்காரிய நிக்க வெச்சிருக்காங்க, அவ உதறினா என் தோள்பட்டையே கழண்டு வருது" என்றாள். "பொறுத்துக்கடி, எனக்கு மீட்டிங் இருக்கு" என்றாள் கஞ்சியக்கா. இரண்டாவது தடவை போன் அடித்தபோது கூரையில் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பேசலாம் என்று விட்டுவிட்டாள். பிறகு பேசவில்லை.

ஐந்தாவது ஊர்ச் சலவைக்கூடம் பெரியது. வாசலில் நுழைந்ததும் அவள் நான்கு பக்கமும் பார்த்துவிட்டு, "பிளக் பாயிண்ட் எங்க இருக்கு?" என்றாள்.

முப்பது பெண்கள் வேலையை விட்டு வந்து நின்றார்கள். ஜன்னலை மூடச் சொன்னாள், மெஷினை நிறுத்தச் சொன்னாள், விரிப்பு கட்டச் சொன்னாள். ஒவ்வொன்றையும் அவர்கள் பேசாமல் செய்தார்கள். விசிறிகளும் நின்றுபோனதால் கூடம் கொதித்தது. படம் ஓடியது. அவள் நாற்காலியில் சாய்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

முன் வரிசையில் ஒருத்தி நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ரோலரில் சுட்டுக்கொண்ட பழைய தழும்பு ஒன்று அவள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பளபளத்தது. படம் முடிந்ததும் அவள் கேட்டாள்.

"படத்துல இருக்கிறது யார் கைக்கா?"

"என் கைதான்" என்றாள் கஞ்சியக்கா. அதைச் சொல்ல அவளுக்கு எப்போதும் பிடிக்கும்.

"அப்ப நீங்களே மடிச்சுக் காட்டிடலாமே. எதுக்கு இந்த வெக்கையில எங்களை வேக வெக்கறீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. தழும்புக்காரி பக்கத்து வண்டியிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து நீட்டினாள். கஞ்சியக்கா எழுந்து, ஒயரைத் தாண்டி வந்து, அதைக் கையில் வாங்கினாள். வாங்கிய பிறகுதான் தெரிந்தது. அது சாதா விரிப்பு இல்லை. நான்கு மூலையிலும் எலாஸ்டிக் வைத்துத் தைத்த விரிப்பு, மெத்தையை உறை மாதிரி கவ்விக்கொள்ளும் வகை. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் எல்லாமே அதுதானாம். அவளுடைய கூடத்துக்கு அப்படி ஒன்று பதினேழு வருஷத்தில் வந்ததில்லை.

முனை எது என்று தேடினாள். முனை இருந்தால்தானே? இழுத்த இடமெல்லாம் சுருங்கியது. பாதியாக மடித்தாள், மறுபாதி கையை விட்டுத் துள்ளி ஓடியது. உதறினாள், அது காற்றில் உப்பி அவள் முகத்திலேயே வந்து அப்பியது. கடைசியில் மேசைமேல் வைத்து அமுக்கினாள். கோழி அடைகாக்கும் கூடை போல ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தது. அமுக்கிய கையை எடுத்ததும் அது மெதுவாகப் பெரிதானது.

சிரித்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். சிரிப்புக்குப் பதில் சிரிப்பு அவளிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. ஒருத்தியும் சிரிக்கவில்லை. தழும்புக்காரி அந்தக் கூடையை எடுத்து ஒரே உதறலில் பிரித்தாள். இரண்டு கையையும் இரண்டு மூலைக்குள் விட்டு, ஒரு மூலையை இன்னொன்றின்மேல் தொப்பி போலக் கவிழ்த்து, மற்ற இரண்டையும் அதற்குள் தள்ளி, மேசையில் ஒரு தட்டு தட்டினாள். செங்கல். அவளுக்கு எதிர்முனைக்கு ஆள்கூடத் தேவைப்படவில்லை.

"பரவால்லக்கா" என்றாள் தழும்புக்காரி. அவள் உதடு ஒரு பக்கமாக லேசாக இழுபட்டது. "நீங்க உக்காருங்க. படத்தையே போடுங்க."

கஞ்சியக்கா உட்கார்ந்தாள். படத்தையே போட்டாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சுவரில் ஒரு முழ விரல்கள் எவருக்கும் தேவைப்படாத ஒரு விரிப்பை அழகாக மடித்தன. பெண்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவளுக்கு அந்த முப்பது முகமும் நன்றாகத் தெரியும். பிளக் சார் வந்த அன்று குருவிக்குப் பக்கத்தில் அவளும் அதே முகத்தோடுதான் உட்கார்ந்திருந்தாள். அன்னப்பறவையைவிடக் கேவலமாக இருந்தது அவள் படம். அன்னமாவது தான் யார் கை என்று பீற்றிக்கொள்ளவில்லை.

அன்று லாட்ஜில் பெட்டியைத் திறக்கவில்லை. கட்டிலில் இருந்த விரிப்பை உருவிப் பார்த்தாள். சாதா விரிப்பு. தலையணை உறையின் மூலைக்குள் கையை விட்டு அந்தத் தொப்பிக் கவிழ்ப்பைச் செய்து பார்த்தாள், வரவில்லை. "சனியனே" என்று உறையைத் திட்டினாள். பிறகு பெட்டியைத் திட்டினாள். பிறகு திட்டுவதற்கு அறையில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அவளையும் விட்டுவைக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம்தான் அடுத்த ரயில். காலை ஆறு மணி ஷிப்டுக்கு அவள் அந்தச் சலவைக்கூடத்து வாசலில் நின்றாள். வெறுங்கையோடு வந்திருந்தாள்.

"என்னக்கா, பிளக் வேணுமா?" என்றாள் தழும்புக்காரி.

"அந்த விரிப்ப எப்படி மடிச்சன்னு காட்டு."

"சொல்லிக்கொடுக்கல்லாம் நேரமில்ல. பக்கத்துல நின்னு பாத்துக்கங்க. வழியில நிக்காதீங்க."

நின்றாள். பதினோராவது விரிப்பில்தான் ஓரளவு பிடிபட்டது. இருபதைத் தாண்டிய பிறகு கையே செய்ய ஆரம்பித்தது. நான்கு மணி நேரம் ஓசியில் உழைத்துக் கொடுத்தாள். போகும்போது தழும்புக்காரி அவள் அடுக்கைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டை எடுத்து உதறித் திரும்ப மடித்தாள். மற்றவற்றை விட்டுவிட்டாள். நல்ல வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. கஞ்சியக்காவாக இருந்தால் ஐந்தையாவது உதறியிருப்பாள், அதனால் வருத்தப்படவில்லை.

ஆறாவது ஊரில் அவள் படம் போடவில்லை. என்ன விரிப்பு வருகிறது என்று முதலில் கேட்டாள். அவர்களோடு மேசையில் நின்று மடித்தாள், ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டாள். அந்த ஊர் மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. "புரொஜெக்டர் கொண்டு வந்தும் நிகழ்ச்சி நடத்தவில்லை" என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார். பயிற்சி என்றால் இருட்டு வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார் போலிருக்கிறது. தலைமை அலுவலகம் யோசித்து, இனிமேல் ஊர் ஊராக ஆள் அனுப்பத் தேவையில்லை, படத்தை எல்லோருடைய கைபேசிக்கும் அனுப்பிவிடலாம் என்று தீர்மானித்தது. இவ்வளவு பேர் இவ்வளவு ஊர் சுற்றிய பிறகு அவர்களுக்கு அது தோன்றியதே பெரிய விஷயம்.

திரும்பி வந்தபோது மடிப்பு மேசையில் அவள் இடத்தில் ரோலர்காரி நின்றாள். எதிர்முனையில் குருவி. இருவரும் உதறினார்கள், நடந்தார்கள், சேர்த்தார்கள். கஞ்சியக்கா பழகியதைவிட ஒரு தாளம் மெதுவாக இருந்தது. ஆனால் தடங்கல் இல்லாமல் ஓடியது.

"இப்ப செட்டாயிடுச்சு, கலைக்க வேணாம். நீங்க கொஞ்ச நாள் பிரிக்கிற பக்கம் பாருங்க" என்றார் மேலாளர். பிரிக்கிற பக்கம் என்றால் அழுக்கு மூட்டையைக் கொட்டுகிற பக்கம்.

மத்தியான இடைவேளையில் குருவியைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்தாள்.

"என்னடி, பேசமாட்டேங்கற?"

குருவி கைபேசியை எடுத்து அந்தப் படத்தைப் போட்டு அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது யார் விரல்னு சொல்லுங்கக்கா. இந்த ஓரத்துல தெரியுதே, இது."

"உன் விரல்தான்."

"ஆறு ஊருல போட்டுக் காட்டினீங்களே. ஒரு ஊருலயாவது, அந்தப் பக்கம் பிடிச்சது இன்னாருன்னு சொன்னீங்களா?"

கஞ்சியக்கா குழாயை மூடினாள். சொல்லியிருக்கிறாளா என்று நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். "என் கைதான்" என்று சொன்னது மட்டும்தான் நினைவுக்கு வந்தது, ஊருக்கு நான்கு தடவை.

"ரெண்டு தடவை போன் பண்ணேன். எனக்கு அப்ப தோள்பட்டை பிடிச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. மேலாளர்கிட்ட ஒரு வார்த்த சொல்லச் சொல்லத்தான் பண்ணேன். உங்க வாய்க்கு அவர் பயப்படுவார், என் வாய்க்கு யாரு பயப்படுவா? மீட்டிங்னீங்க."

"மீட்டிங் இல்லடி. படுத்துக்கிட்டு நாடகம் பாத்தேன்."

உலகத்தில் எவ்வளவோ பொய் இருக்க, அந்த நேரத்தில் அவள் வாயில் உண்மை வந்து தொலைத்தது. குருவி அவளை ஒரு நொடி பார்த்தாள். சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

மேலாளரிடம் கெஞ்சினால் பழைய இடம் கிடைத்திருக்கும். கஞ்சியக்கா கெஞ்சவில்லை, விறைப்பு போகவில்லை என்றும் சொல்லலாம், போய்க் கேட்க வெட்கம் என்றும் சொல்லலாம். ஆனால் குருவியின் தோளுக்காக அவர் அறைக்குப் போய்ச் சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்தில் குருவிக்கு ஒரு வாரம் விடுப்பும், மேசையருகே ஏறி நிற்க ஒரு பலகையும் கிடைத்தன. யார் பேசி வாங்கியது என்று குருவியிடம் சொல்லவில்லை. கூடத்திலேயே சத்தமான குரல் அவளுடையது என்பதால் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. விடுப்பு முடிந்து வந்தவள் மறுபடி அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். பேச்சு குறைவுதான். மேசையில் ரோலர்காரிதான் இன்னும் நிற்கிறாள்.

கஞ்சியக்கா பிரிக்கிற பக்கத்திலேயே தங்கிவிட்டாள். முழங்கை வரை ரப்பர் கையுறை, மூக்கில் துணி. மூட்டையைக் கொட்டியதும் ரத்தக்கறை ஒரு பக்கம், மருந்துக்கறை ஒரு பக்கம், ஆபரேஷன் அறையின் பச்சைத் துணி தனி. முதல் மாதத்திலேயே அவளுக்கு ஒன்று தெரிந்தது: விரிப்போடு சுருட்டி வார்டுகளிலிருந்து ஊசி வருகிறது. குத்திய ஊசி. பிரிக்கிற பெண்கள் அத்தனை பேர் கையிலும் அதன் தழும்பு இருந்தது. பதினேழு வருஷம் முப்பது அடி தள்ளி நின்றும் அவள் அதைக் கேள்விப்பட்டதேயில்லை, கேட்டால்தானே சொல்வார்கள்.

"இவங்கல்லாம் படிச்சவங்க!" என்று அவள் வெடித்தாள். "என் வீட்டுக்காரர் டயர்ல ஆணி எடுத்தாக்கூட டப்பாவுல போட்டு மூடி வைப்பாரு. இவங்க ஊசியைப் பெட்ஷீட்டுல சுருட்டி அனுப்பறாங்க. வெள்ளைக் கோட்டு போட்டா வெக்கம் போயிடுமா?"

ஒவ்வொரு ஊசியையும் மூடியுள்ள டப்பாவில் போட்டு, எந்த வார்டு, எந்தத் தேதி என்று ஒட்டி, வாரக் கடைசியில் துணி வண்டியிலேயே ஏறி அந்தந்த ஆஸ்பத்திரிக்குப் போய்த் தலைமை நர்ஸின் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். மூன்றாவது வாரம் காவலாளி உள்ளே விடவில்லை. வாசலில் நின்றே பேசினாள். அங்கிருந்து பேசினாலும் மாடி வரை கேட்கும். இப்போது இரண்டு ஆஸ்பத்திரியிலும் வார்டுக்கு வார்டு ஊசி டப்பா வைத்திருக்கிறார்கள். மூன்றாவது ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டிலிருந்து மட்டும் இன்னும் வருகிறது. தினமும் காலை பத்து மணிக்குக் கஞ்சியக்கா அந்த வார்டுக்குப் போன் செய்கிறாள். எடுக்கிறவர்கள் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்களாம்.